வாழும் புனிதருக்குக் கோதுமை இல்லை

“அங்க ரகிப்பைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்படி இருக்காரு?”

“அவனுக்கென்ன. பஸ்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. இந்நேரம் ஹங்கேரியைத் தாண்டியிருப்பான். ஜெர்மனிக்குப் போயி நம்மள விட நல்லா வாழப்போறான் பாரு.”

“ரசேமாவும் கூடவா?”

“எல்லாரையும்தான். சாப்பாடு போடு ரதோய்கா. ரெண்டு நாளா டப்பா மீனுதான்.”

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால், ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், முற்றத்துக் குழாயடியில் நடந்த பேச்சு இது. திகோமிர் குனிந்து பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். ரதோய்கா துண்டோடு நின்றாள். அவன் தலை நிமிராமலே பதில் சொன்னது அப்போது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. களைத்து வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். உள்ளே போய் அவரைக்காய் சூப்பைச் சுடவைத்தாள். அவன் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால், பளிச்சென்று ஆகிவிட்ட பூட்ஸை இன்னும் கழுவிக்கொண்டிருந்தான்.

ரகிப் அவர்களுக்கு யாரோ எவரோ அல்ல. ரதோய்காவுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக நெவென்கா பிறந்தபோது, திகோமிரின் அம்மா பழைய வழக்கத்தை நினைவுபடுத்தினாள். பிள்ளை தங்காத வீட்டில் தெரிந்தவர்களைப் போய், பிள்ளைக்கு முதல் முடி வெட்டும் ‘கும்’, அதாவது ஞானத்தகப்பன், ஆகும்படி கேட்கக்கூடாது. விடியும் நேரத்தில் பாதையில் நிற்க வேண்டும். முதலில் எதிரே வருகிறவன் ஏழையோ பணக்காரனோ, எந்த மதமோ, அவனைத்தான் கேட்க வேண்டும். அவனும் மறுக்கக்கூடாது.

திகோமிர் திரினா ஆற்றுப் பாலத்தின் இக்கரையில் போய் நின்றான். பனிக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது. அக்கரையிலிருந்து பலகை ஆலைக்கு முதல் ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்த ரகிப்.

“யோவ், நான் முஸ்லிம். உங்க பாதிரியார் என்னைத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துலயே விடமாட்டாரு.”

“தண்ணி அவர் பாடு. நீ முடியை வெட்டு, போதும்.”

அப்படித்தான் நடந்தது. ரகிப் குழந்தையின் தலையில் நான்கு இடங்களில் முடி வெட்டினான். கோணலும் மாணலுமாக வெட்டிவிட்டு, “எங்க வீட்டு ஆட்டுக்கு இதைவிட நல்லா வெட்டுவேன், என்னமோ உங்க பிள்ளைக்கு அதிர்ஷ்டமில்ல” என்றான். பிள்ளை பிழைத்தது. அன்றுமுதல் அவன் கும், அவன் மனைவி ரசேமா குமா. அவர்களும் இவர்களை அப்படியே கூப்பிட்டார்கள். ரத்த உறவுக்கும் மேலே நிற்கிற உறவு அது. அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டால்கூட ஊர் ஒருநாள் மறந்துவிடும். கும் மேல் கை வைத்தவனுக்கு இந்த உலகத்திலும் இடமில்லை, அந்த உலகத்திலும் இல்லை.

தொண்ணூற்றிரண்டு வசந்தத்தில் அக்கரையில் சண்டை மூண்டது. ஆலை மூடிக்கிடந்தது. மதுக்கடையின் பின்னறையில் கட்சிக்காரர்கள் மேஜை போட்டுத் தொண்டர் படைக்குப் பெயர் எழுதினார்கள். பெல்கிரேடிலிருந்து தாடிக்காரர்கள் வந்தார்கள், தொப்பியில் மண்டையோட்டுச் சின்னத்தோடு. அக்கரையில் நம்மவர்களை முஸ்லிம்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்றார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் சீருடையும் துப்பாக்கியும் கிடைத்தன. வெள்ளிக்கிழமை மாலை லாரி ஏறுவார்கள், ஞாயிறு இரவோ திங்கள் காலையோ திரும்புவார்கள். ஊர் அவர்களுக்கு ‘வாரக்கடைசிக்காரர்கள்’ என்று பெயர் வைத்தது. திரும்பி வரும் லாரிகளில் ஃப்ரிட்ஜ் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, ஒருமுறை நிலையோடு பெயர்த்தெடுத்த ஜன்னல்கூட வந்தது. இரண்டு வீடு தள்ளியிருந்த மிலாதின் ஒரு கறவை மாட்டையே கொண்டுவந்தான்.

திகோமிரும் பெயர் கொடுத்தான். ரதோய்கா தடுக்கவில்லை. “நான் அங்க இருந்தா ரகிப்புக்கு ஒரு ஆபத்துன்னா பாத்துக்கலாம்ல?” என்று அவன் கேட்டபோது, “ஆமா, அவங்களப் பாத்துக்க” என்று சொல்லி, அந்தச் சீருடையை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஒன்பது வாரக்கடைசிகள் போனான். ஒருமுறைகூட ஒரு கரண்டியைக்கூட எடுத்து வரவில்லை. என் புருஷன் வெறுங்கையோடு திரும்புகிறவன் என்று அவள் உள்ளுக்குள் பெருமைப்பட்டாள். குழாயடியில் பூட்ஸ் கழுவிய திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் லாரி ஏறவே இல்லை. முதுகு வலி என்றான்.

சண்டை முடிந்த மறு வருடம் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு போன் வந்தது.

“குமா, நான் ரசேமா பேசுறேன். ரகிப்பைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“உன்கூட இல்லையா அவரு? பஸ்ல ஏத்தி அனுப்பினாங்கன்னு திகோ சொன்னாரே.”



“பஸ்ல எங்களைத்தான் ஏத்துனாங்க குமா. பொம்பளைங்களை, குழந்தைங்களை. ஆம்பளைங்க ஒருத்தரையும் ஏத்தல.”

ஜன்னலுக்கு வெளியே திகோமிர் விறகு பிளந்துகொண்டிருந்தான். ரதோய்கா ஒரு வார்த்தைதான் சொன்னாள். “அப்படியா.”

அந்த ஒரு வார்த்தையை அவள் இருபத்தோரு வருடம் சுமந்தாள். வெளியே போய்க் கேட்டிருக்கலாம். கோடரியைக் கீழே வை, என் முகத்தைப் பார்த்துச் சொல், ரகிப் எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும். பதில் வந்தபிறகு இந்த ஆளோடு எப்படி ஒரே தலையணையில் படுப்பது? அதனால் அவள் வேறொன்றைக் கேட்டாள். “விறகு போதும், குளிருது, உள்ள வா.”

அவன் கெட்ட கணவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிமோனியாவில் அவள் கிடந்த குளிர்காலத்தில் நாற்பது நாள் அவன்தான் ஊட்டினான். நெவென்காவின் கல்யாணத்தில் ஆட எழுந்தவன், மகளைப் பார்த்துவிட்டு ஆட முடியாமல் உட்கார்ந்து அழுதான். இத்தனை வருடங்களில் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் ரகிப் என்ற பெயரை அவன் உச்சரித்ததே இல்லை. ரசேமாவின் போன் வந்தால் தோட்டத்துக்குப் போய்விடுவான். ரசேமா ஒவ்வொரு புத்தாண்டுக்கும் பேசினாள். நெவென்கா எப்படி இருக்கிறாள், பேரனுக்குப் பல் முளைத்ததா என்று கேட்டாள். ரகிப்பைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. அவள் கேட்காதது ரதோய்காவுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. தெரிந்துகொண்டுதான் கேட்காமல் இருக்கிறாள்.

இடையில் மிலாதின் படைவீரர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தான். அப்படி ஒரு படை எந்தக் காகிதத்திலும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். “அப்ப நான் ஆத்தைத் தாண்டி மீன் பிடிக்கவா போனேன்?” என்று இந்த வீட்டுச் சமையலறையில் வந்து கத்தினான். திகோமிர் மட்டும், “இல்லைன்னா நல்லதுதானே” என்றான். அன்று அவன் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தாள் ரதோய்கா. அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

இந்த நவம்பரில், அவர்கள் வீட்டுக் காவல் புனிதரான அதிதூதர் மிக்கேலின் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ரசேமாவின் போன் வந்தது. குரல் பக்கத்திலிருந்து கேட்டது.

“நான் அக்கரையில என் தங்கச்சி வீட்டுல இருக்கேன் குமா. உங்க வீட்டுத் திருநாளுக்கு வரலாம்னு இருக்கேன். நீங்க யாரையும் கூப்பிட மாட்டீங்க, வந்தவங்களைத் திருப்பி அனுப்பவும் மாட்டீங்கன்னு அவரு சொல்வாரு.”

“வா. தாராளமா வா. உடம்பு எப்படி இருக்கு?”

“உடம்பா? வாரத்துல மூணு நாள் மெஷின்ல படுக்கப்போட்டு ரத்தத்தைச் சலிக்கிறாங்க. இதுக்கு மேல பயணம் வேணாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதான் இப்பவே வந்துட்டேன். கபர்ஸ்தான் மேட்டுல ரெண்டு இடம் வாங்கிப் போட்டிருக்கேன், பக்கத்துப் பக்கத்துல. ஒண்ணுக்கு ஆள் தயார். இன்னொண்ணுதான் சும்மா கிடக்கு.” சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள்.

ரதோய்காவுக்குச் சிரிக்க வரவில்லை. போனை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து கோதுமையை எடுத்து ஊறப்போட்டாள்.

அதை ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. மற்ற புனிதர்களைக் கும்பிடும் வீடுகளில் அவரவர் புனிதரின் நாளில் கோதுமை அவிப்பார்கள். வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, வருகிற விருந்தினர் ஆளுக்கொரு கரண்டி எடுக்கும்படி வாசலருகே வைப்பார்கள். ஆனால் கோதுமை இறந்தவர்களுக்கானது. மிக்கேல் மனிதனாகப் பிறந்து செத்தவரல்ல, தேவதூதர். அவருக்குச் சாவு இல்லை. அவரைக் கும்பிடும் வீடுகளில் கோதுமை அவிக்க மாட்டார்கள். திகோமிரின் வீட்டில் எந்தத் தலைமுறையிலும் அவித்ததில்லை. மருமகளாக வந்த வருடம் ரதோய்கா தெரியாமல் அடுப்பேற்றிவிட்டு, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இந்த முறை தெரிந்தே ஏற்றினாள்.

திருநாளன்று பாதிரியார் காலையிலேயே வந்து ரொட்டியை வெட்டி, ஒயின் ஊற்றி ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அதுவரை ரதோய்கா கோதுமைத் தட்டை வெளியே எடுக்கவில்லை. மதியத்துக்குள் அக்கம்பக்கத்தார் வந்து சாப்பிட்டுக் கிளம்பினார்கள். மிலாதின் மட்டும் நகரவில்லை. பிளம் சாராயத்துக்கு முன்னால் அவனை யாரும் அவ்வளவு சீக்கிரம் எழுப்ப முடியாது. திகோமிர் நின்றுகொண்டே இருந்தான். இந்த நாளில் வீட்டுத் தலைவன் உட்காரக்கூடாது. புனிதரின் பணியாள் அவன். முட்டி வலியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாலும் நிற்கத்தான் வேண்டும்.

ரசேமா வந்தாள். தலையில் முக்காடு, கையில் ஒரு காபிப் பொட்டலம். பாதியாக இளைத்திருந்தாள். திகோமிரை நேராகப் பார்த்து, “திருநாள் வாழ்த்து, கும்” என்றாள்.

அவன் அவள் கையிலிருந்த காபிப் பொட்டலத்தைப் பார்த்து, “வாங்க” என்றான்.

மேஜையின் தலைமாட்டு நாற்காலி கும்முக்கு உரியது. ரசேமா யாரும் சொல்லாமல் போய் அதில் உட்கார்ந்தாள். பன்றி படாத புதுச் சட்டியில் தனியாக வைத்திருந்த கோழிக் குழம்பை ரதோய்கா பரிமாறினாள். ரசேமா ஒரு வாய் வைத்துவிட்டு, “இத்தனை வருஷமாச்சு, இன்னும் உப்பைக் கொட்டித்தான் சமைக்கிற” என்றாள்.

“உனக்குத்தான் ரத்தம் சலிக்கிறாங்களே, உப்பும் சேந்து போயிடும், சாப்பிடு.”

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடியும்போது ரசேமாவின் கண் நனைந்திருந்தது.

“யாரு அண்ணி இந்தம்மா? எங்கயோ பாத்த மாதிரி இருக்கு” என்றான் மிலாதின்.

“அக்கரைக்காரி. ரகிப்பு சம்சாரம்.”

மிலாதினின் கை கிண்ணத்தோடு நின்றது. பிறகு, “அக்கரையில சௌக்கியமா எல்லாரும்?” என்று பொதுவாகக் கேட்டான்.

“இருக்கிறவங்க சௌக்கியம்தான்” என்றாள் ரசேமா.

அப்போதுதான் ரதோய்கா கோதுமைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே சர்க்கரை வெள்ளையாகப் பூசி, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி நட்டிருந்தாள்.

மிலாதின் வாய்விட்டுச் சிரித்தான். “அண்ணி, வயசாயிடுச்சா? மிக்கேல் உயிரோட இருக்காரு. அவருக்குப் போயி கருமாதி பண்ணிட்டீங்களே.”

“இது மிக்கேலுக்கு இல்ல.”

“பின்ன யாருக்கு?”

ரதோய்கா முதல் கரண்டியை ரசேமாவிடம் நீட்டினாள். அவள் மதத்தில் இது கிடையாது. ஆனால் முன்பெல்லாம் ஒவ்வொரு அக்கம்பக்கத்துச் சாவிலும் அவள் இந்தக் கோதுமையைத் தின்றிருக்கிறாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மெல்ல முடியாமல் மென்றாள். அடுத்து ரதோய்கா கணவனிடம் போனாள். கதவோரமாய் நின்றவனின் கையில் கரண்டியைக் கொடுத்தாள். மறு கையில் அவனுடைய சாராயக் கிண்ணம் இருந்தது.

“ரகிப்புக்கு” என்றாள்.

அறுபத்தைந்து வருடத்துப் பழக்கம் அது. எத்தனையோ சாவு வீடுகளில், எத்தனையோ நாற்பதாம் நாள்களில் செய்தது. கோதுமை கைக்கு வந்து, ஒரு பெயரும் காதில் விழுந்தால், கை தானாகக் கிண்ணத்தைச் சாய்க்கும், நாக்கு தானாகச் சொல்லும். திகோமிரின் கிண்ணம் சாய்ந்தது. இறந்தவனுக்கான சொட்டு தரையில் விழுந்தது.

“கடவுள் அவன் ஆன்மாவை மன்னிக்கட்டும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குக் கேட்டது.

காணாமல்போனவனுக்கு அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஜெர்மனியில் இருக்கிறான் என்று நம்புகிறவனுக்குச் சொல்ல மாட்டார்கள். வீடு முழுக்க அந்த வார்த்தைகள் நின்றன. ரசேமா கையிலிருந்த கரண்டியை மெதுவாக, சத்தம் வராமல், தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

மிலாதின் எழுந்தான். நாற்காலி பின்னால் சரிந்தது.

“உனக்குப் போதை ஏறிடுச்சு திகோ.”

காலையிலிருந்து திகோமிர் குடித்தது அந்த ஒரு கிண்ணத்தில் பாதிதான் என்பது மிலாதினுக்கும் தெரியும்.

“போதைதான். காலையில எழுந்தா நீ சொன்னது உனக்கே ஞாபகம் இருக்காது. இருக்கக்கூடாது.” கோட்டை மாட்டிக்கொண்டே அவன் குரல் இறங்கியது. “அன்னைக்கு அங்க பதினோரு பேரு இருந்தோம். எல்லாருக்கும் பேரப்பிள்ளைங்க இருக்கு. உனக்கும் ஒண்ணு இருக்கு. அண்ணி, சாப்பாடு நல்லாயிருந்துச்சு.”

அவன் போனபின் வாசல் கதவு காற்றில் ஆடியது. யாரும் போய்ச் சாத்தவில்லை.

திகோமிர் மேஜைக்கு வந்தான். ஒரு நாற்காலியை இழுத்தான். திருநாள் இன்னும் முடியவில்லை, மெழுகுவர்த்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் உட்கார்ந்தான். இந்த வீட்டில் எந்த ஆண்பிள்ளையும் இந்த நாளில் உட்கார்ந்து ரதோய்கா பார்த்ததில்லை. கரண்டி அவன் கையிலேயே இருந்தது. கோதுமை மடியில் கொட்டியிருந்தது.

“நான் எதையும் கேக்க வரல கும்” என்றாள் ரசேமா. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் ரதோய்காவால் தாங்கியிருக்க முடியும். “சத்தியமா இல்ல. அவரு உட்காந்த இடத்துல ஒரு தடவை உட்காந்துட்டுப் போகணும்னு தோணுச்சு. அவ்வளவுதான். ஏழு மணிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி மகன் கார் கொண்டு வருவான்.”

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தாள். முதல் முயற்சியில் முடியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ரதோய்கா கணவனைப் பார்த்தாள். நரைத்த தலை குனிந்திருந்தது. பிடரியில், காலர் தொடும் இடத்தில், போன வாரம் அவளே வெட்டிவிட்ட முடி. இந்தக் கழுத்தை அவள் பத்தொன்பது வயதிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறாள். இவன் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். போலீஸ் வரும். மிலாதினும் மற்ற ஒன்பது பேரும் சும்மா இருக்க மாட்டார்கள். நெவென்கா அப்பா என்று கூப்பிடுவாளா தெரியாது. கடைசிக் காலத்தில் சிறைச் சுவருக்குள் இவனும், இந்த வீட்டுக்குள் அவளும் தனித்தனியாகக் கிடக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் இத்தனை வருடமும் விறகு போதும், உள்ளே வா என்றாள். எதிரே ஒரு பெண், செத்த பிறகாவது புருஷன் பக்கத்தில் படுக்கலாம் என்று ஒரு காலி இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

“உக்காரு குமா” என்றாள் ரதோய்கா. “இன்னும் கொஞ்ச நேரம் உக்காரு.”

அவள் போய்த் திகோமிரின் முன்னால் தரையில் மண்டியிட்டாள். அவன் மடியில் சிதறியிருந்த கோதுமையை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் சேர்த்தாள்.

“வேணாம் ரதோய்கா” என்றான் அவன், யாருக்கும் கேட்காத குரலில். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று அவனுக்கும் இத்தனை வருடமாகத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

“நான் உன்னை விட்டுப் போகமாட்டேன். எங்க கொண்டுபோய் வச்சாலும் வாராவாரம் வந்து பாப்பேன். அது வேற.” அவள் அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். “திகோ, என்னைப் பாரு. ரகிப்பை எங்க போட்டீங்க? இடத்தைச் சொல்லு. அவ அவரை எடுத்துட்டுப் போகட்டும்.”